உழவுக்கு முன் ஒரு வாரம்

பழைய டிராக்டர் வாங்கப் போகிறவரின் கண் முதலில் மணி மீட்டருக்குத்தான் போகும். 'நாலாயிரம் மணி நேரம்தான் ஓடியிருக்கு' என்பார் விற்பவர். மீட்டரும் அதையே காட்டும். ஆனால் அந்த எண்ணை வைத்து விலை பேசுவது சரியல்ல. பழைய வண்டிகளில் இந்த மீட்டரை ஒரு மெல்லிய கேபிள் எஞ்சினோடு சேர்த்துச் சுழற்றுகிறது. கேபிள் அறுந்த நாளோடு கணக்கு நின்றுவிடும். வண்டி மட்டும் மேலும் பல ஆண்டுகள் உழுதுகொண்டிருக்கும். கேபிள் நன்றாக இருந்தாலும் அது கடிகார மணியைக் காட்டாது. எஞ்சின் குறிப்பிட்ட ஒரு வேகத்தில் சுழலும்போதுதான் மீட்டரின் ஒரு மணியும் கடிகாரத்தின் ஒரு மணியும் ஒன்றாகும். மெதுவாக ஓடும் வண்டியில் மீட்டரும் மெதுவாகவே நகரும்.

வண்டி உண்மையில் எவ்வளவு உழைத்தது என்பது பின்புறத்தில் எழுதியிருக்கிறது. கலப்பையைத் தாங்கும் இரண்டு கீழ்க் கைகளின் முனை உருண்டைகள், டாப் லிங்க் மாட்டும் துளைகள், டிரெய்லர் கொக்கி விழும் பட்டை ஆகிய மூன்றையும் குனிந்து பார்த்தால் போதும். வட்டமாக இருந்த துளை இழுபட்டு நீண்டிருந்தால் அந்த வண்டி நிறைய உழுதிருக்கிறது, நிறைய சுமை இழுத்திருக்கிறது. புது பெயின்ட் அடித்தால் துரு மறையும். தேய்ந்த துளை வட்டமாகிவிடாது. கிளட்ச் மிதியின் வரிகள் வழவழப்பாகியிருப்பது, ஸ்டீயரிங்கை எத்தனை விரல்கடை ஆட்டிய பிறகு முன்சக்கரம் அசைகிறது என்பது ஆகியவையும் கணக்கில் சேரும்.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் இப்படிக் கைமாறும் வண்டிகளில் மாஸி ஃபெர்குசன் 1035-ஐ அடிக்கடி பார்க்கலாம். சிவப்பு நிறம், மூன்று சிலிண்டர் டீசல் எஞ்சின். அதன் வம்சாவளி நீண்டது. 1946-ல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் தயாராகத் தொடங்கிய சாம்பல் நிற ஃபெர்குசன் டி.இ.20, பத்தே ஆண்டுகளில் 5 லட்சத்துக்கும் மேல் உற்பத்தியானது. அதன் வாரிசாக 1956-ல் 35 என்ற வரிசை வந்தது. சில ஆண்டுகளில் பெர்கின்ஸ் நிறுவனத்தின் மூன்று சிலிண்டர் டீசல் எஞ்சின் அதில் ஏறியது. 1960-ல் சென்னையில் டாஃபே டிராக்டர் நிறுவனம் தொடங்கப்பட்டபோது மாஸி ஃபெர்குசன் தொழில்நுட்பம் இங்கே வந்து சேர்ந்தது. எஞ்சினுக்குக் கைகொடுத்தது டாஃபே சேர்ந்த அதே குழுமத்தின் சிம்சன். 1840-ல் மதராசில் குதிரை வண்டிகள் கட்டும் தொழிலில் இறங்கி, பிற்காலத்தில் பெர்கின்ஸ் வழிவந்த டீசல் எஞ்சின்களைச் செய்த நிறுவனம் அது.

ஆகவே 1990-களில் வாங்கிய ஒரு 1035-ன் பானட்டை இன்று திறப்பவர் 1950-களின் பொறியியலைப் பார்க்கிறார். கம்ப்யூட்டர் இல்லை, சென்சார் இல்லை. டீசலை எப்போது, எவ்வளவு தெளிப்பது என்பதைப் பல்சக்கரங்களும் சுருள்வில்களும் தீர்மானிக்கின்றன. கோளாறு வந்தால் அதற்கான காரணத்தைக் கண்ணால் பார்க்கலாம், கையால் தொடலாம். சிறு விவசாயிக்கு இதைவிடப் பெரிய வசதி வேறில்லை. ஆனால் அதற்கு வண்டி இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். முந்தைய உரிமையாளர் என்ன ஆயில் ஊற்றினார், ஃபில்டரைக் கடைசியாக எப்போது மாற்றினார், ரேடியேட்டரில் எந்தக் கிணற்றுத் தண்ணீர் போனது என்பது எதுவுமே தெரியாத நிலையில் வாங்கிய மறுநாளே வயலில் இறக்குவது, எஞ்சினைப் பணயம் வைப்பதாகும். முதல் ஒரு வாரத்தை உழவுக்குக் கொடுக்காமல் டீசல், காற்று, ஆயில், தண்ணீர் என்ற நான்கின் கணக்கையும் பூஜ்யத்திலிருந்து தொடங்கக் கொடுப்பதே நல்லது.

டீசலில் தொடங்கலாம். புதியவரை அதிகம் தவிக்க விடுவது அதுதான். பெட்ரோல் எஞ்சினில் இருப்பது போல் தீப்பொறி தரும் பிளக் டீசல் எஞ்சினில் கிடையாது. பிஸ்டன் மேலேறும்போது சிலிண்டருக்குள் இருக்கும் காற்று ஏறத்தாழ பதினேழில் ஒரு பங்கு இடத்துக்குள் நெரிபடுகிறது. அந்த நெருக்கத்திலேயே காற்றின் வெப்பம் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. அந்தக் கணத்தில் நாசில் வழியாகப் புகையாகத் தெளிக்கப்படும் டீசல் தானே பற்றிக்கொள்கிறது.

எவ்வளவு டீசல் தெளிக்கப்படுகிறது? மணிக்கு 5 லிட்டர் குடிக்கும் மூன்று சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்று சுழல்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு சிலிண்டரிலும் நிமிடத்துக்கு 1,000 தெளிப்பு. மூன்றுக்கும் சேர்த்து மணிக்கு 1,80,000 தெளிப்பு. வகுத்துப் பார்த்தால் ஒரு தெளிப்புக்கு 0.03 மில்லிலிட்டர்கூட வராது. ஏறத்தாழ அரைச் சொட்டு. அந்த அரைச் சொட்டை வளிமண்டல அழுத்தத்தைப் போல நூற்று எழுபது, இருநூறு மடங்கு அழுத்தத்தில் பம்ப் தள்ளினால்தான் நாசிலின் ஊசி திறக்கும். டீசல் திரவம்; நெருக்கினால் சுருங்காது, அப்படியே அழுத்தத்தைக் கடத்தும். அதே குழாயில் ஒரு சின்னக் காற்றுக் குமிழி புகுந்துவிட்டால் கதை மாறிவிடும். பம்பின் தள்ளல் முழுவதையும் குமிழி சுருங்கி வாங்கிக்கொள்ளும், பின்வாங்கும்போது விரியும். நாசில் திறக்கவே திறக்காது. டேங்க் நிறைய டீசல் இருந்தும், செல்ஃப் நன்றாகச் சுற்றியும் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் நிற்பதற்கு இதுவே முதல் காரணம்.

போனில் மெக்கானிக்கைப் பிடித்தால் அவரும் பெரும்பாலும் இதைத்தான் சொல்வார்: 'ஏர் பிடிச்சிருக்கும்ணே, பம்ப அடிச்சு ஏர் எடுத்துருங்க.'

டீசல் ஃபில்டரின் தலையில் ஒரு சிறு திருகு இருக்கும். அதைச் சற்றுத் தளர்த்திவிட்டு, எஞ்சின் பக்கவாட்டில் இருக்கும் சிறிய பம்பின் கைப்பிடியை மேலும் கீழும் அடிக்க வேண்டும். முதலில் நுரையும் குமிழியுமாக வரும். குமிழியே இல்லாமல் கெட்டியாக டீசல் வழிந்ததும், வழியும்போதே திருகை இறுக்க வேண்டும். அடுத்தது நாசில்களுக்கு டீசலைத் தள்ளும் பம்பின் மேலுள்ள திருகு; அதே வேலை. கடைசியாக நாசில்களுக்குப் போகும் குழாய்களின் நட்டுகளைத் தளர்த்திவிட்டு, வேறொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொன்னால் ஒவ்வொன்றிலும் டீசல் துள்ளி வரும். நட்டை இறுக்கியதும் எஞ்சின் ஒன்றிரண்டு முறை திக்கி, பிறகு சீராகப் பிடித்துக்கொள்ளும். ஒரு எச்சரிக்கை: எஞ்சின் ஓடும்போது இந்தக் குழாய்களில் கசிவு தேடி விரலை வைத்துவிடக் கூடாது. அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் ஊசி குத்தியது போலத் தெரிந்தாலும் உடனே அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலையே இழக்க நேரும். கசிவைக் காண ஓர் அட்டையைக் காட்டினால் போதும்.

காற்றைவிட மெதுவாகக் கொல்வது தண்ணீர். டீசல் பம்பின் உலக்கைக்கும் அதன் உறைக்கும் இடையே உள்ள இடைவெளி இரண்டு மூன்று மைக்ரான்தான். தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். அந்த இடைவெளிக்குள் மசகு எண்ணெயாக இருப்பதும் டீசலேதான். அங்கே தண்ணீர் புகுந்தால் உலோகம் உலோகத்தோடு உரசும், துரு பிடிக்கும். பாதி காலியான டேங்கின் மேற்பகுதியில் இருக்கும் ஈரக்காற்று இரவுக் குளிரில் நீராகி அடியில் இறங்குகிறது. டீசலும் நீரும் சந்திக்கும் மெல்லிய எல்லையில் நுண்ணுயிர்கள் வளர்ந்து பழுப்பு நிறச் சளி போல ஃபில்டரை அடைத்துவிடும். மாதக்கணக்கில் கொட்டகையில் நின்ற வண்டியை வாங்கியவர் டேங்கை முழுவதும் வடித்துக் கழுவிவிட்டுப் புது ஃபில்டர் போடுவது கட்டாயம். அதன்பின் வேலை முடிந்த மாலையிலேயே டேங்கை நிரப்பிவிட்டால் ஈரக்காற்றுக்கு இடமிருக்காது.

அடுத்தது காற்று. மணிக்கு ஐந்து லிட்டர் டீசல் எரிக்கும் எஞ்சின் அதே ஒரு மணி நேரத்தில் ஒரு லட்சம் லிட்டருக்கும் மேல் காற்றை உறிஞ்சுகிறது. மாசி, பங்குனியில் புழுதி உழவு ஓட்டும்போது அந்தக் காற்றில் என்ன இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. மண் தூசியில் இருக்கும் குவார்ட்ஸ் துகள் எஃகையே கீறக் கூடியது. அது உள்ளே போனால் லைனரும் ரிங்கும் ஒரே பருவத்தில் தேய்ந்துவிடும்.

பழைய வண்டிகளில் இதைத் தடுக்க இருப்பது ஆயில் நிரப்பிய ஏர் கிளீனர். இதன் எளிமை வியக்க வைக்கிறது. காற்று நடுக்குழாய் வழியாக வேகமாகக் கீழிறங்கி, கிண்ணத்தில் இருக்கும் ஆயிலின் மேல் மோதி, சட்டென்று திரும்பி மேலேறுகிறது. காற்றால் அந்தத் திருப்பத்தில் வளைய முடியும். கனமான தூசித் துகள் தன் வேகத்திலேயே நேராகப் போய் ஆயிலில் விழுந்துவிடும். தப்பித்த சிறு துகள்களை ஆயிலில் நனைந்த கம்பி வலை பிடித்துக்கொள்ளும். கிண்ணத்தைக் கழற்றிப் பார்த்தால் அடியில் களிமண் போலக் கெட்டியான வண்டல் படிந்திருக்கும். அந்த வண்டல் ஏறினால் ஆயிலுக்கு இடம் குறையும். தூசி நிறைந்த நாட்களில் தினமும் பார்க்க வேண்டும். ஆயிலைக் கிண்ணத்தில் உள்ள கோடு வரைக்கும்தான் ஊற்ற வேண்டும். கூட ஊற்றினால் எஞ்சின் அந்த ஆயிலையே உறிஞ்சி எரிபொருளாக எரித்து, கட்டுக்கடங்காமல் வேகமெடுக்கும். ஸ்டாப் நாபை இழுத்தாலும் அப்போது நிற்காது. நாபு நிறுத்துவது டீசலைத்தான்.

கிளீனர் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், அதற்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள ரப்பர் ஹோஸில் வெடிப்பு இருந்தால் எல்லாம் வீண். சோதிப்பது எளிது. எஞ்சின் ஐடிலில் ஓடும்போது கிளீனரின் வாயை ஒரு தட்டையான பலகையால் இறுக மூட வேண்டும். சில விநாடிகளில் எஞ்சின் மூச்சடைத்து நிற்க வேண்டும். நிற்காமல் ஓடினால் வேறெங்கோ வழியாகக் காற்று புகுந்துகொண்டிருக்கிறது. அந்த வழியாகத் தூசியும் புகும்.

எஞ்சின் ஆயிலைப் பொறுத்தவரை டீசல் வண்டியில் ஆயில் கருப்பாக இருப்பது கோளாறல்ல. எரியாத கரித்துகளைத் தன்னுள் தாங்கி வைத்திருப்பது ஆயிலின் வேலைகளில் ஒன்று. பால் கலந்தது போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது என்று பொருள். ஹெட் கேஸ்கட்டையோ லைனர் ஓ-ரிங்கையோ சந்தேகிக்கலாம். இன்னொரு அறிகுறியைப் பலர் நல்ல செய்தியாக எடுத்துக்கொள்கிறார்கள். 'ஆயில் குறையவே மாட்டேங்குது' என்று பெருமைப்படுவார்கள். அளவுக் குச்சியில் மட்டம் ஏறிக்கொண்டே போய், முகர்ந்தால் டீசல் வாடை வந்தால் டீசல் ஏற்றும் சிறு பம்பின் டயஃப்ரம் கிழிந்து, டீசல் ஆயிலில் இறங்கிக்கொண்டிருக்கிறது. நீர்த்துப்போன ஆயிலால் கிராங்க் ஷாஃப்டைத் தாங்கிப் பிடிக்க முடியாது. ஓடும் எஞ்சினில் கிராங்க் ஷாஃப்ட் பேரிங் உலோகத்தின் மேல் உட்கார்ந்திருப்பதில்லை. சுழற்சி வேகத்தில் உருவாகும் மெல்லிய ஆயில் படலத்தின் மேல் மிதக்கிறது. ஸ்டார்ட் ஆகும் முதல் சில விநாடிகள் அந்தப் படலம் இருப்பதில்லை. ஸ்டார்ட் செய்த உடனே ஆக்சிலரேட்டரை இழுத்து உறுமவிடும் பழக்கம் பேரிங்குக்குக் கேடாவது இதனால்தான். ஆயில் பிரஷர் காட்டும் முள் எழும்வரை காத்திருக்க வேண்டும். எழவில்லை என்றால் உடனே நிறுத்த வேண்டும்.

கவனிக்காமல் விடப்படுவது பின்புறக் கூட்டின் ஆயில். ஃபெர்குசன் வம்சத்து வண்டிகளில் கியர், டிஃபரென்ஷியல், ஹைட்ராலிக் லிஃப்ட் மூன்றுக்கும் ஒரே ஆயில்தான். ஹைட்ராலிக் பம்பே அந்த ஆயிலுக்குள்தான் முழுகிக் கிடக்கிறது. டெல்டாவில் கேஜ் வீல் மாட்டித் தொளி ஓட்டிய வண்டி அச்சுவரை சேற்றுத் தண்ணீரில் நின்றிருக்கும். தேய்ந்த ஆயில் சீல் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் உள்ளே போகும். கலப்பை தூக்க மறுக்கிறது, தூக்கியது தானே இறங்குகிறது என்று சொல்லி லிஃப்டைப் பிரிக்கும் முன் இந்த ஆயிலைப் பார்ப்பது நல்லது. சந்தேகம் இருந்தால் சூடான இரும்புத் தகட்டில் ஒரு சொட்டு விடலாம். சுத்தமான ஆயில் அமைதியாகப் புகையும். தண்ணீர் கலந்த ஆயில் சடசடவென்று பொரியும். பல லிட்டர் ஆயில் வேண்டும் என்பதால் இந்தச் செலவைத் தள்ளிப்போடுகிறவர்கள் அதிகம். ஒரு ஹைட்ராலிக் பம்பின் விலையை விசாரித்துவிட்டு முடிவெடுப்பது நல்லது.

தண்ணீர் விஷயத்தில் தமிழ்நாட்டுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. பல மாவட்டங்களில் போர் தண்ணீர் உப்பும் சுண்ணாம்பும் கலந்த கடின நீர். அதை ரேடியேட்டரில் ஊற்றினால் குக்கரின் அடியில் படிவது போன்ற வெள்ளைப் பொருக்கு எஞ்சினின் நீர்ப்பாதைகளில் படியும். அந்தப் பொருக்கு வார்ப்பிரும்பைவிட இருபது மடங்குக்கும் மேல் மோசமாக வெப்பத்தைக் கடத்தக் கூடியது. ஒரு மில்லிமீட்டர் பொருக்கு படிந்தாலே சிலிண்டரின் சூடு தண்ணீருக்குப் போய்ச் சேராமல் திணறும். தண்ணீர் நிறைய இருக்கும், முள்ளும் சரியாகக் காட்டும், ஆனால் ஹெட் வெடிக்கும். பழைய தண்ணீரை வடித்து, நன்றாகக் கழுவி, கூலன்ட்டைக் கனிமம் நீக்கிய நீரோடு கலந்து ஊற்றுவது செய்தே ஆக வேண்டிய செலவு. ரேடியேட்டர் மூடியும் வெறும் மூடி அல்ல. உள்ளே அழுத்தத்தைத் தேக்கி, நீரின் கொதிநிலையை 100 டிகிரிக்கு மேல் உயர்த்தி வைத்திருக்கிறது. சூடான எஞ்சினில் அதைத் திறந்தால் அழுத்தம் சட்டென்று குறைந்து, அதுவரை கொதிக்காமல் இருந்த நீர் ஒரே கணத்தில் கொதித்து ஆவியோடு சீறும். முகம் வெந்துபோனவர்கள் பட்டறை உள்ள எல்லா ஊரிலும் இருப்பார்கள்.

மின்சாரப் பகுதியை விரைவாக முடித்துவிடலாம். செல்ஃப் மெதுவாகச் சுற்றினால் உடனே புது பேட்டரி வாங்க ஓட வேண்டாம். செல்ஃப் மோட்டார் முந்நூறு ஆம்பியர் இழுக்கும்போது, பேட்டரி முனையிலோ சேஸிஸோடு சேரும் எர்த் பட்டையிலோ துருவால் 0.01 ஓம் தடை இருந்தால்கூட 3 வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும். 12 வோல்ட்டில் 9 தான் மோட்டாருக்குப் போய்ச் சேரும். உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினால் பாதிப் பிரச்சினை தீரும்.

காகித வேலையும் இதே வாரத்தில் முடிய வேண்டும். எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் ஆர்.சி. புத்தகத்தோடு பொருந்துகின்றனவா என்று வண்டியிலேயே துடைத்துப் பார்க்க வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வங்கிக் கடன் பாக்கியில்லை என்று ஆர்.சி.யில் உள்ள கடன் பதிவை நீக்கப் படிவம் 35. விவசாய டிராக்டரின் பதிவு 15 ஆண்டுக்குத்தான். அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். பழைய வண்டியில் இந்தத் தேதி தாண்டியிருப்பது சகஜம். அதைக் காட்டி விலையைக் குறைக்கலாம், ஆனால் பணம் கொடுப்பதற்கு முன்பே பேசிவிட வேண்டும்.

இதுவரை பார்த்தது வண்டியைக் காப்பாற்றும் வழிகள். ஓட்டுபவரைக் காப்பாற்றுவது தனி அத்தியாயம். அதைப் புரிந்துகொள்ள ஹாரி ஃபெர்குசனிடம் போக வேண்டும். அயர்லாந்தில் தானே விமானம் கட்டி 1909-ல் பறந்து காட்டிய பொறியாளர் அவர். முதல் உலகப் போர்க் காலத்தில், டிராக்டர் உழவை மேம்படுத்தும் பொறுப்பு அவரிடம் வந்தது. அன்றைய டிராக்டர்கள் மாடு ஏரை இழுப்பது போலவே கலப்பையைச் சங்கிலியால் பின்னே இழுத்துப் போயின. கலப்பை ஒரு பாறையில் சிக்கினால் சக்கரம் நிற்கும், எஞ்சின் நிற்காது. சுழல முடியாத சக்கரத்தைச் சுற்ற முயலும் எஞ்சின், அச்சைச் சுற்றி வண்டியையே சுழற்றத் தொடங்கும். முன்சக்கரம் வானத்தைப் பார்த்து எழும்பி, வண்டி பின்புறமாகக் கவிழ்ந்து ஓட்டுநரின் மேல் விழும்.

ஃபெர்குசனின் தீர்வு, இன்று உலகின் ஏறத்தாழ எல்லா டிராக்டரிலும் இருக்கும் மூன்று புள்ளி இணைப்பு. கீழே இரண்டு கைகள் கலப்பையை இழுக்கின்றன. மேலே டாப் லிங்க் அதைத் தள்ளிப் பிடிக்கிறது. கலப்பை சிக்கினால் டாப் லிங்க் வழியாக வரும் விசை வண்டியின் முன்பகுதியைக் கீழே அமுக்குகிறது. கவிழ்க்கப் பார்த்த அதே விசை இப்போது நிலைநிறுத்துகிறது.

இந்தப் பாதுகாப்பு இணைப்பைச் சரியாகப் பயன்படுத்தும்வரைதான். மரத்தின் அடிக்கட்டையைப் பிடுங்குகிறேன் என்று டாப் லிங்க் மாட்டும் உயரத்தில் சங்கிலி கட்டி இழுப்பவர், நூறாண்டுக்கு முந்தைய ஆபத்தைத் திரும்பக் கூப்பிடுகிறார். எதை இழுத்தாலும் அச்சுக்குக் கீழே உள்ள பட்டையில் கட்டியே இழுக்க வேண்டும். சேற்றில் புதைந்த வண்டியின் பின்சக்கரங்களில் குறுக்கே மரக்கட்டையைக் கட்டி முன்னே எடுப்பது இன்னும் கொடியது. கட்டை தரையில் ஊன்றியதும் சக்கரம் பூட்டிக்கொள்ளும், வண்டி தூக்கிவிடும். திரும்ப முடியாத கட்டத்தை அது எட்ட ஒரு விநாடிகூட ஆகாது. கிளட்சை மிதிக்க வேண்டும் என்று மூளை நினைத்து முடிக்கவே அவ்வளவு நேரம் தேவை. புதைந்த வண்டியை ரிவர்ஸில் எடுத்துப் பார்க்கலாம். அப்போது எதிர்விசை முன்பகுதியை அமுக்கவே செய்யும். வராவிட்டால் இன்னொரு வண்டியை வைத்து இழுப்பதே வழி. கவிழ்ந்தாலும் ஓட்டுநரைக் காக்கும் இரும்புச் சட்டத்தைப் புது டிராக்டர்களுக்கு 1959-லேயே கட்டாயமாக்கிய நாடு ஸ்வீடன். அங்கே கவிழ்ந்து இறப்போர் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. நம் பழைய வண்டிகளில் அந்தச் சட்டம் கிடையாது. இருப்பது ஓட்டுபவரின் அறிவு மட்டுமே.

இன்னொரு ஆபத்து, பின்னால் மாட்டும் கருவிகளுக்குச் சுழற்சி தரும் பி.டி.ஓ. ஷாஃப்ட். அது நிமிடத்துக்கு 540 சுற்று சுழல்கிறது. விநாடிக்கு ஒன்பது. ரோட்டவேட்டருக்குப் போகும் ஷாஃப்டின் மூட்டுப் பகுதியின் சுற்றளவு 30 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், அதில் மாட்டும் துணி விநாடிக்கு ஏறத்தாழ 2.7 மீட்டர் வேகத்தில் சுருட்டப்படும். நாலு முழ வேட்டி முழுவதும் போக ஒரு விநாடிகூட வேண்டாம். அதைக் கட்டியிருப்பவரும் கூடவே இழுபடுவார். தோளில் கிடக்கும் துண்டு, சேலை முந்தானை, துப்பட்டா எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். பழைய வண்டியை வாங்கும்போது ஷாஃப்டின் மேலுள்ள பிளாஸ்டிக் உறை பெரும்பாலும் இருக்காது. முதல் செலவே அதற்காக இருக்கட்டும்.

பழைய டீசல் வண்டியில் சாவியைத் திருப்பினால் எஞ்சின் நிற்காது. ஸ்டாப் நாபை இழுக்க வேண்டும். இதை ஓட்டுநர் மட்டும் தெரிந்துவைத்திருந்தால் போதாது. வீட்டில் உள்ள எல்லோருக்கும் அந்த நாபைக் காட்டி, ஒரு முறை இழுத்து நிறுத்தச் சொல்லிப் பழக்க வேண்டும். செல்ஃப் வேலை செய்யவில்லை என்று தரையில் நின்றபடி ஸ்க்ரூ டிரைவரால் முனைகளை இணைத்து ஸ்டார்ட் செய்வதும் உயிரை வாங்கும் பழக்கம். வண்டி கியரில் இருந்தால், பக்கத்தில் நிற்பவர் மேல் பின்சக்கரம் ஏறிவிடும். வயலில் திரும்புவதற்காக இடம் வலம் என்று தனித்தனியாக இருக்கும் இரண்டு பிரேக் மிதிகளையும், சாலையில் ஏறும் முன் கொக்கி போட்டு ஒன்றாகப் பூட்ட வேண்டும். வேகத்தில் ஒரு பக்கம் மட்டும் பிரேக் பிடித்தால் வண்டி அந்தப் பக்கமே சுற்றிக் கவிழும்.

இத்தனையும் முடிந்து முதல் உழவுக்குப் போகும்போது சீட்டின் பக்கத்தில் இருக்கும் இரண்டு லீவர்களையும் பார்க்க வேண்டும். ஒன்று கலப்பையை ஒரே உயரத்தில் நிறுத்துவது, எல்லோரும் பயன்படுத்துவது. இன்னொன்று டிராஃப்ட் லீவர். பலர் அதைத் தொடுவதே இல்லை. மண் இறுகினால் டாப் லிங்க்கில் அழுத்தம் கூடும். அதை உணர்ந்து ஹைட்ராலிக் கலப்பையைச் சிறிது தூக்கும். இளகியதும் மறுபடி இறக்கும். தூக்கும் அந்தக் கணத்தில் கலப்பையின் கனமும் மண்ணின் இழுப்பும் பின்சக்கரத்தின் மேல் ஏறுவதால் சக்கரம் வழுக்காமல் பிடிக்கும். சிறிய, எடை குறைந்த வண்டியை வைத்துக்கொண்டே பெரிய வண்டிகளோடு ஃபெர்குசன் போட்டியிட்டது இந்த உத்தியால்தான். காய்ந்த கரிசலில் ஒரு சால் போய், லீவரைச் சற்று நகர்த்தி, இன்னொரு சால் போய்ப் பார்த்தால் எஞ்சின் முக்குவது குறைவதைக் காதாலேயே கேட்கலாம்.

முதல் 10 மணி நேரத்துக்குப் பிறகு எல்லா நட்டுகளையும், குறிப்பாகச் சக்கர நட்டுகளை, மறுபடி இறுக்க வேண்டும். 50 மணி நேரத்தில் எஞ்சின் ஆயிலை இன்னொரு முறை வடித்துவிடுவது நல்லது. பழைய வண்டல் எல்லாம் புது ஆயிலில் கரைந்து அதற்குள் இறங்கியிருக்கும். கழற்றிய ஃபில்டரை அறுத்து, உள்ளே உள்ள தாளை வெயிலில் விரித்துப் பார்க்க வேண்டும். காந்தத்தில் ஒட்டும் துகள் இரும்பு. அது ரிங்கிலிருந்தோ லைனரிலிருந்தோ வந்திருக்கும். காந்தத்துக்கு அசையாமல் வெண்கல நிறத்தில் மின்னுவது புஷ்ஷிலிருந்தும் பேரிங்கிலிருந்தும் வருவது. இரண்டும் நிறைய இருந்தால் எஞ்சின் வேலைக்கான பணத்தை அறுவடை முடிந்த மாதத்துக்கு இப்போதே ஒதுக்கிவிடலாம். தாளில் கரி மட்டும் இருந்தால், அடுத்த மாற்றத்தைக் கையேடு சொல்லும் இடைவெளியில் வைத்துக்கொண்டு, தேதியையும் மணியையும் ஒரு நோட்டில் குறித்துவிட்டு வேலையைத் தொடரலாம்.